கார் ரசிகர்களோடு ஒரு சண்டை

எனக்குச் சொந்தக் கார் கிடையாது. ஆனாலும் கார் ரசிகர்களோடு சண்டை உண்டு.

2007 ஜனவரியில் டெட்ராயிட் கண்காட்சியில் ஜாக்குவார் கம்பெனியார் ‘ஸி-எக்ஸ்எஃப்’ என்ற மாதிரி வண்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கதவு நான்கு; முதுகின் சரிவோ இரட்டைக் கதவு ஸ்போர்ட்ஸ் காருடையது. உருவம் கொடுத்தவர் இயன் கேலம். அதே வருஷம் பிராங்பர்ட்டில் விற்பனை வண்டி வந்தது. “அந்த ஒடுங்கிய கண்கள் எங்கே?” என்று ஒரு கோஷ்டி, “இது ஜாக்குவாரே இல்லை” என்று இன்னொரு கோஷ்டி.

முதல் கோஷ்டியின் பக்கம் நியாயம் உண்டு. விளக்குகள் பெருத்து முகத்தில் சற்று அசட்டுக்களை தட்டிவிட்டது வாஸ்தவம். இரண்டாவது கோஷ்டியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்களுக்கு ஜாக்குவார் என்றால் 1968-ல் வந்த எக்ஸ்ஜே முகம். நான்கு வட்ட விளக்குகள். 2003-ல் உடம்பை அலுமினியத்தால் புதிதாகச் செய்தும், கம்பெனியார் அந்தப் பழைய முகத்தையே மாட்டி அனுப்பினார்கள். ஸ்தாபகர் ஸர் வில்லியம் லயன்ஸ் அப்படியா செய்தார்? 1959-ன் மார்க் 2 வண்டியைப் பார்த்து 1968 வண்டியை அச்சடித்தாரா? பழைய கதாநாயகியையே மறுபடி எழுதச் சொல்லும் கடிதங்கள் எனக்கும் வருவதுண்டு. எழுதினாலும் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கித்தான் படிப்பார்கள்!

அலுமினிய வண்டியை இந்த அன்பர்கள் போட்டிபோட்டு வாங்கியிருந்தால், கேலம் பென்ஸிலைத் தொட்டிருக்கவே வேண்டாமே?