டெஸ்ட் ஷாட்டில் நின்றவனுக்குக் கூலி எங்கே?

ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் நெருங்கினால் சென்னைச் சாலைகளில் பட்டுப்புடவை விளம்பரங்கள் வரிசை கட்டிவிடும். அந்தப் படங்களை எடுக்கும் நாளில் கேமராவின் முன் முதலில் நிற்பவர் நாம் பார்க்கும் அந்த மாடல் அல்ல. உதவியாளர்தான் முதலில் நிற்கிறார். மாடல் மேக்கப்பில் இருக்கும் நேரத்தில், தரையில் டேப் ஒட்டிய இடத்தில் அவரை நிறுத்துவார்கள். விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், நிழல் எங்கே விழுகிறது என்பதையெல்லாம் அவர் முகத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மாடல் வந்ததும் அவர் ஒதுங்கிவிட வேண்டும். அவர் இருந்த படங்கள் அழிக்கப்படும்.

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் வளர்ந்த தம்பி ஒருவன் இப்படி ஒன்பது மாதம் நின்றான். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவன், அவன் வீட்டின் முதல் பட்டதாரி. காலை ஆறு மணிக்கு ஸ்டுடியோவில் இருக்க வேண்டும் என்பதால் நாலரைக்கே கிளம்பிவிடுவான். டெம்போவிலிருந்து விளக்குப் பெட்டிகளை இறக்குவது, ஸ்டாண்டு நிறுத்துவது, பின்திரை கட்டுவது, தெர்மோகோல் பிடிப்பது, புடவைக்கு இஸ்திரி போடுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவன் வேலை. பேக்கப் ஆனதும் கேபிள் சுருட்டி, பெட்டிகளை ஏற்றிவிட்டு வீடு சேர நள்ளிரவு ஆகிவிடும்.

முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. "கத்துக்க வந்தவனுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார்கள். பிறகு ஒரு நாளைக்கு 500 ரூபாய் பேசினார்கள், அதுவும் "பேமெண்ட் வந்ததும்" என்ற நிபந்தனையோடு. ஒரு நாள் மணல் மூட்டை வைக்காத ஸ்டாண்டு ஒன்று சாய்ந்து ஃபிளாஷ் விளக்கு உடைந்தது. மூட்டை வாங்கித் தராதவர்கள் அவன் கூலியில் கழித்துக்கொண்டார்கள். இன்னொரு நாள், "உன்னை வெச்சு லைட் செட் பண்ணினா மாடல் வெளுத்துப் போயிடுவாங்கடா" என்று ஒருவர் சொல்ல, தளமே சிரித்தது. தம்பியும் சிரித்திருக்கிறான். சிரிக்காவிட்டால் அடுத்த ஷூட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அந்தக் கேலியில் தொழில்நுட்ப நியாயம்கூட இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. அதனால் தோலின் நிறத்துக்கு ஏற்ப அளவு மாறலாம். ஆனால் ஸ்டுடியோவில் கையில் பிடித்து அளக்கும் மீட்டர் முகத்தின் மீது வந்து விழும் ஒளியை அளக்கிறது. நிற்பவர் கறுப்பா சிவப்பா என்று அது பார்ப்பதில்லை. அன்று அந்த மீட்டர் தம்பியின் கையில்தான் இருந்தது.

இதையெல்லாம் அவன் அப்போதே எங்களிடம் சொன்னான். நாங்கள் என்ன சொன்னோம்? "கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி, தொழில் கைக்கு வந்துடும்" என்றோம். சமூகவியல் படித்த நாங்கள்தான் அப்படிச் சொன்னோம். அது தவறு. அதை ஒப்புக்கொள்ளவே இந்தப் பதிவை எழுதுகிறோம்.

சென்னையில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்ய யாரால் முடியும்? வீட்டிலிருந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வருகிறவரால் முடியும். மாமாவோ சித்தப்பாவோ அதே தொழிலில் இருப்பவருக்கு அந்த ஒரு வருடம்கூடத் தேவைப்படாது. இந்த வேலைக்கு விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. தெரிந்தவர் வழியாகத்தான் அழைப்பு வருகிறது. போய்ச் சேர்ந்ததும் "எந்த ஏரியா?" என்று கேட்கிறார்கள். நாம் சொல்லும் பதிலில் அவர்களுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. இத்துறையில் 'தலித்துகளுக்கு இடமில்லை' என்று யாரும் பலகை மாட்டவில்லை. மாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கூலியில்லாத அந்த முதல் வருடமே நம் பிள்ளைகளைச் சலித்து வெளியே தள்ளிவிடுகிறது.

கூலியில்லா உழைப்பு நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. இன்று வேலையில்லாமல் இருப்பவனை 'வெட்டியா இருக்கான்' என்கிறோம். உழைத்தவனைக் குறித்த சொல்லையே சோம்பேறியைக் குறிக்கும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். அந்த வெட்டி வேலையைத்தான் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் ஒப்புக்கொள்வதும் கட்டாயமே என்று அத்தீர்ப்பு விளக்கியது. 'அவனே விரும்பித்தானே வந்தான்' என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

புகைப்படக் கலைஞர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். விளம்பர நிறுவனம் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது, நாங்கள் எங்கே போவது என்கிறார்கள். சிறு கலைஞர்களின் நெருக்கடி உண்மைதான். ஆனால் விளக்கு வாடகைக்காரரிடம் "மூணு மாசம் பொறுங்க" என்று சொன்னால் அடுத்த முறை விளக்கு வராது. டெம்போக்காரரும் காத்திருக்க மாட்டார். எல்லோருக்கும் கொடுத்தது போக, உதவியாளரின் கூலி மட்டும்தான் காத்திருக்கிறது. காத்திருக்க மாட்டேன் என்று சொல்லும் பலம் அவரிடம் இல்லை என்பதுதான் காரணம்.

சினிமாவில் லைட்மேன்களுக்குச் சங்கம் இருக்கிறது, பெப்சி என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் கூலி கேட்க ஓர் இடம் இருக்கிறது. விளம்பரப் படப்பிடிப்பில் நான்கைந்து பேர், அவர்களும் ஒவ்வொரு நாளும் மாறுகிறார்கள். சங்கம் என்ற பேச்சையே நாங்கள் அங்கே கேட்டதில்லை.

கேமரா நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார். மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். அவர் ஒருவர் வந்துவிட்டார் என்று கைதட்டிவிட்டு நாம் போய்விட முடியாது. வர முடியாமல் பாதியில் திரும்பியவர்களை யார் கணக்கெடுப்பது?

தோழர்களே, நம்மால் உடனே செய்ய முடிந்தவை சில உண்டு. ஷூட்டுக்குப் போகும் முன்பே கூலி, வேலை நேரம், பணம் தரும் தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பொருள் உடைந்தால் கூலியில் கழிக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள், துறை அனுப்பும் இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை கேளுங்கள். தனியாகக் கேட்டால் பெயர் கெடும், வகுப்பாகச் சேர்ந்து கேளுங்கள். நம்மில் ஏற்கெனவே புகைப்படக்காரர் ஆனவர்கள், உங்கள் உதவியாளருக்கு அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். நாம் கொடுக்காத கூலியை ஊராரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை.

தம்பி இப்போது பார்சல் டெலிவரி செய்கிறான். போன வாரம் வந்தவன், "நான்தான் அவசரப்பட்டு வெளியே வந்துட்டேனாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் பத்துப் பேருக்கு அவன் லைட்டிங் வகுப்பு எடுக்கிறான். வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனாலும் அவனுக்குக் கூலி பேசியிருக்கிறோம், அதை அன்றே கொடுத்துவிடுவோம்.

ஜெய் பீம்.