விற்பாரற்ற வழி

அறுவை மருத்துவத்தில் துளை சிறுத்தால் செலவும் சிறுக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. கருப்பை நீக்க அறுவையைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி ரைக், வயிற்றைக் கிழிக்காமல் லேப்ரோஸ்கோப்பின் துணையால் கருப்பையை அகற்றிக் காட்டினார். கருவிச் செலவு கூடினாலும், நோயாளி முன்னதாக வீடு திரும்புகிறாள். சில வாரங்கள் முன்னதாக வேலைக்கும் போகிறாள். நாட்கூலிப் பெண்ணுக்கு அவை அடுப்பெரியும் வாரங்கள். மருத்துவமனைக் கணக்கேட்டில் அவள் கூலி ஏறுவதில்லை என்பதால் அஃது இலாபமன்று என்று யாரும் சொல்லத் துணியார்.

மறு பாதி வாணிகம். 2005இல் அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் டாவின்சி ரோபோவை மகளிர் அறுவைக்கு அனுமதித்தது. விலையோ பத்து இலட்சம் டாலருக்கு மேல். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தனி. போதாக்குறைக்கு, அந்நாளில் அதன் கருவிகள் பலவற்றைப் பத்து முறை பயன்படுத்தியதும் வீசிவிட வேண்டும். கண்ட பயன் என்ன? 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு, 441 மருத்துவமனைகளில் புற்றல்லாத நோய்க்காகக் கருப்பை நீக்கப்பெற்ற 264,758 பெண்களின் விவரங்களை ஆராய்ந்தது. 2007இல் 0.5 விழுக்காடாயிருந்த ரோபோ அறுவை 2010இல் 9.5 ஆயிற்று. சிக்கல்கள் லேப்ரோஸ்கோப்பில் 5.3 விழுக்காடு; ரோபோவில் 5.5. செலவு மட்டும் ஓர் அறுவைக்கு 2,189 டாலர் மிகுதி!

"வயிற்றைக் கிழிப்பதைவிட மேலன்றோ?" என்பர் ரோபோவுக்குப் பரிந்து பேசுவோர். மேல்தான். ஆனால் ஒப்பிட வேண்டியது கிழிப்போடு மட்டுமா? மகவு பிறக்கும் வழியாகவே கருப்பையை எடுக்கும் அறுவையை 1813இலேயே ஜெர்மானியர் லாங்கன்பெக் செய்து முடித்தார். வயிற்றில் ஒரு துளையும் வேண்டா, செலவும் குறைவு. இயலுமிடத்தெல்லாம் இதுவே முதல் தெரிவு என அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கழகம் 2009இலும் 2017இலும் எழுதி வைத்தது. இருந்தும் அந்நாட்டில் இம்முறை தேய்ந்தே வந்துள்ளது. இதில் விற்பதற்கு ஒன்றுமில்லையே! விற்பனையாளர் வாரார்; விளம்பரமும் வாராது.

ஆசிரியராகிய நம்மை உறுத்த வேண்டியது இதற்கடுத்த கண்ணி. மூத்தவர் செய்யாததை இளையவர் காண்பதில்லை; காணாததைப் பழகுவதில்லை; பழகாத மருத்துவர் நோயாளியிடம் அம்முறையைச் சொல்வதுமில்லை. பின்னர், செய்ய வல்லார் இல்லை, ஆகவே ரோபோ வாங்குவோம் என்கிறது நிர்வாகம். கற்பிப்பதை நிறுத்திவிட்டுக் கற்றவர் இல்லையென்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்? ரோபோவுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைக் கைத்திறன் வல்ல மூத்த மருத்துவருக்கு ஊதியமாக்கி, அவரருகே மூன்று மாணாக்கரை நிறுத்தட்டும்.