டம்ளர் வைக்க ஓர் இடம்

சென்ற மாதம் மொழிபெயர்ப்புக்காக ஓர் ஆங்கிலக் கட்டுரை என்னிடம் வந்தது. வரவேற்பறையில் சோபாவுக்கு முன்னால் போடும் குட்டை மேஜையை அலங்கரிப்பது எப்படி என்பது விஷயம். மெழுகுவத்தி, சிப்பி, பீங்கான் கிண்ணம், கனமான படப் புத்தகம் என்று எதை எதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பத்திக்குப் பத்தி யோசனைகள். மெழுகுவத்தியும் சிப்பியும் சுலபமாகத் தமிழுக்கு வந்துவிட்டன. அந்த மேஜையின் பெயர்தான் வர மறுத்தது.

ஆங்கிலத்தில் அது காபி மேஜை. நம் வீடுகளில் அதற்கு டீப்பாய் என்று பெயர். மூன்று வேளையும் காபியே குடிக்கிற வீட்டிலும் அது டீப்பாய்தான். டீ குடிக்கும் இடத்தில் பாய் போலப் பரந்திருப்பதால் இந்தப் பெயர் என்று பள்ளி நாட்களில் ஒரு தோழி விளக்கம் சொன்னாள். நானும் வெகுகாலம் நம்பினேன். உண்மையில் டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாய்க்கும் சம்பந்தமில்லை. இந்தியில் திபாய் என்பார்கள். மூன்று கால் என்று பொருள். பாரசீகத்தில் பாய் என்றால் கால். வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கி, தேநீரின் பெயரோடு சேர்த்துக் குழப்பி, தங்கள் மொழியில் எழுதிக்கொண்டார்கள். அது டீப்பாய் என்று நம்மிடமே திரும்பி வந்தது. ஆக, நம்மிடம் ஏற்கெனவே இருந்த சரியான சொல் முக்காலி. இன்றைக்கு நாலு கால் கண்ணாடி மேஜையைப் போய் முக்காலி என்று எழுதினால் ஆசிரியர் குழு சிரிக்கும். டீப்பாய் என்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கட்டுரை அப்படியே உயிர் பெற்று என் முன்னால் நின்றது. இடம், காரக்கோணம்.

நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் காரக்கோணம். மருத்துவக் கல்லூரி வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் தெரிகிற பெயர். எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு மருத்துவராக வந்து சேர்ந்த சாமர்வெல்லின் நினைவாக நடக்கும் கல்லூரி அது. என் பெரியம்மா விளவங்கோடு பக்கத்திலிருந்து அந்த ஊருக்குக் கல்யாணமாகிப் போனவர். இப்போது எண்பது வயது. அண்ணன் புது வீடு கட்டியிருக்கிறார் என்று பார்க்கப் போயிருந்தேன்.

கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது டீப்பாய்தான். அண்ணன் மகள் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அலங்காரம் அவள் கைவண்ணம். நடுவில் வெண்கல உருளி, அதில் தண்ணீரும் மிதக்கும் பூக்களும். ஒரு பக்கம் மூக்கு வைத்த கிண்டி, மறுபக்கம் பித்தளை வெற்றிலைச் செல்லம். மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வெள்ளை லேஸ் துணி. ஒரு மரத் தாங்கியின் மேல், பழுப்பேறிய தமிழ்ப் புத்தகம் ஒன்று படம் போட்ட பக்கத்தைக் காட்டியபடி விரிந்து கிடந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மைனி காபி கொண்டுவந்தார். தட்டை வைக்க இடமில்லை. உருளியை நகர்த்தப் பார்த்தார், தண்ணீர் தளும்பியது. கிண்டியைத் தூக்கித் தரையில் வைக்கப் போனார், மகள் முகம் சுருங்கியது. கடைசியில் ஆளுக்கொரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே பேசி முடித்தோம். காலி டம்ளர்கள் டி.வி. ஸ்டாண்டின் மேல் போய் உட்கார்ந்தன.

அலங்காரம் தெரிந்தவர்கள் சொல்லும் விதிகள் இந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்கானவைதான். மேஜையின் உயரம் சோபாவின் இருக்கை உயரமோ, ஓர் அங்குலம் குறைவாகவோ இருக்கவேண்டும். நீளம் சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி விட்டால் காலும் இடிக்காது, கையும் எட்டும். பொருள்களை ஒரு தாம்பாளத்தில் சேர்த்து வைத்தால், விருந்தாளி வரும்போது ஒரே தூக்கில் அப்புறப்படுத்தலாம். ஒன்று உயரம், ஒன்று தட்டை, ஒன்று நடுத்தரம் என மூன்று பொருள் போதும். பாதி மேஜையாவது காலியாக இருக்கட்டும்.

நம் பக்கத்துக்கு என்று சில எச்சரிக்கைகளும் உண்டு. உருளித் தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதற்குக் குளம் குட்டை தேவையில்லை, பூ மிதக்கும் பாத்திரமே தாராளம். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி கறுக்கும். பழைய நூல் துணியைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி வைக்கக் கூடாது. ஈரக் காற்று உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும்.

அந்த லேஸ் துணியிலும் ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டேன். "பாட்டியோட பெட்டியில இருந்துச்சு அத்தை. வெறுதே கிடந்துச்சு, அதான் எடுத்துப் போட்டேன்" என்றாள். சன்னலோரம் நாற்காலியில் இருந்த பெரியம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "அது எங்க அம்மை போட்டது. லேஸ் போட்ட காசுலதான் என்னையும் உங்க அம்மையையும் படிக்க வச்சா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டி லேஸ் பின்னியது தெரியும். அவர் கைப்பட்ட துணி ஒன்று மிஞ்சியிருப்பது தெரியாது.

தென் திருவிதாங்கூரில் லேஸுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1819இல் லண்டன் மிஷன் ஊழியரான சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கான பள்ளியும் அதோடு லேஸ் வேலையும் 1820களில் தொடங்கின. திண்டு மாதிரியான தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது ஒரு வகை. விற்றது வெள்ளைக்காரக் குடும்பங்களில். பின்னியவர்களோ, தோளில் சீலை போடக்கூட உரிமை மறுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள். அவர்களில் அடிமைகளாக இருந்த சிலர் லேஸ் வருமானத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. மேலாடை அணியலாம் என்ற அரசு அறிவிப்பு 1859இல்தான் வந்தது. தங்களுக்கு மேல்துணி மறுக்கப்பட்ட காலத்தில் அடுத்தவர் மேஜைக்குத் துணி பின்னிய கைகள் அவை. பாறசாலையும் அந்த மிஷனின் ஒரு கேந்திரமாக இருந்தது. இந்தப் பகுதியில் பழைய பெட்டியின் அடியில் லேஸ் கிடைத்தால் அது வெறும் அலங்காரத் துணி இல்லை, சம்பளச் சீட்டு.

செல்லமும் கிண்டியும் அப்படித்தான். வந்தவருக்குக் கால் கழுவக் கிண்டியில் தண்ணீர், உட்கார்ந்ததும் முன்னால் நகர்த்த வெற்றிலைச் செல்லம். சோபா வராத காலத்தில் செல்லம்தான் நம் டீப்பாய். அது அழகாகவும் இருந்தது, எல்லாருடைய கையும் அதற்குள் போயும் வந்தது. 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு எழுதிய அறிக்கையில், தாங்கள் பார்த்தவற்றில் மிகச் சிறந்த பொருள் என்று புகழ்ந்தது ஒரு சாதாரண லோட்டாவை. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும் என்று தலைமுறை தலைமுறையாகப் பலர் யோசித்து உருண்டு வந்த வடிவம் என்பது அவர்கள் கருத்து. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961இல் அமைந்தது அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான்.

இப்போது செல்லத்தில் வெற்றிலை இல்லை. வாய்க்குப் புற்று வரவழைக்கும் பழக்கம் போனது நல்லதே. கிண்டிக்கும் வேலையில்லை, வாசலில் குழாய் இருக்கிறது. ஓய்வு பெற்ற பொருள்கள் கூடத்தில் கௌரவமாக உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. புத்தகம்தான் உறுத்தியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. "சூப்பர் பிக்சர், அதான் அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சேன்" என்றாள் அண்ணன் மகள். அவள் படித்தது மலையாளமும் ஆங்கிலமும். வீட்டில் பேசுவது தமிழ், எழுத்து தெரியாது. அவள் மேல் தப்பில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடம் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பெரியம்மா படித்த எழுத்து அவரோடு அந்த வீட்டுக்கு வந்தது. அவருக்குப் பிறகு அதைப் படிக்க அங்கே ஆளில்லை.

"பெரியம்மா, இப்பவும் இதைப் படிக்கியளா?" என்று கேட்டேன்.

"வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது மக்களே. அதுதான் எழுத்து பெரிசா இருக்கும். பதினேழாம் பதுமையில ஈர்க்கு வச்சிருந்தேன். பிள்ளை தூசி தட்டும்போது எடுத்துப் போட்டுட்டா போல."

"அப்புறம் கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"அவ ஆசையா வச்சிருக்கா. வாறவங்க எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லுதாங்க."

கிருகப்பிரவேசம் ஆகி மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் பெரியம்மா படிக்கவில்லை. அவருக்கு எட்டும் தூரத்தில், அவர் கண்ணெதிரில், அவருடைய புத்தகம் விருந்தாளிகளுக்காக விரிந்து கிடந்திருக்கிறது.

பெரிய பெரிய படங்களோடு, படிப்பதைவிடப் பார்ப்பதற்காகவே டீப்பாயில் போடும் புத்தகங்கள் மேல்நாட்டில் ஒரு தனி வகை. 1960இல் அமெரிக்காவின் சியரா கிளப் வெளியிட்ட இயற்கைப் படத் தொகுப்பை அதற்கு முன்னோடி என்பார்கள். அவை அதற்கென்றே அச்சானவை, அங்கே கிடக்கலாம். படிக்க ஆள் இருக்கும் புத்தகத்தை அங்கே போடுவது வேறு விஷயம்.

அண்ணன் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாட்டி ஒரு வார்த்தை சொல்லலையே" என்று முணுமுணுத்தபடி புத்தகத்தை எடுத்துப் பெரியம்மா மடியில் வைத்தாள். பதினேழாம் பதுமை எது என்று அவளுக்குத் தேடத் தெரியவில்லை. நான் தேடிக் கொடுத்தேன். லேஸ் துணியைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து நிழலில் உலர்த்தச் சொன்னேன். அந்த மூலையை இனி வெளுக்க முடியுமா என்பது சந்தேகம்.

ஆகவே அந்த ஆங்கிலக் கட்டுரையின் விதிகளோடு நான் ஒரு விதி சேர்த்துக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய பொருளை டீப்பாய்க்கு எடுக்கும்முன், அது யாருக்காவது இன்னும் வேண்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

புறப்படும்போது இரண்டாம் காபி வந்தது. மரத் தாங்கி இருந்த இடம் காலியாக இருந்தது. மைனி தட்டை அங்கே வைத்தார்.