மலடி என்றொரு தீர்ப்பு

‘மலடி’ என்னும் சொல்லைக் கேளாத தமிழர் இலர். அதற்கு இணையான ‘மலடன்’ என்னும் சொல்லும் நம் மொழியில் உண்டு; ஆயினும் அஃது அகராதியிலேயே உறங்கிக் கிடக்கின்றது. மணமாகி ஈராண்டு கழிந்தும் தொட்டில் ஆடாத வீட்டிலே, ஊரார் கண்ணும் உறவினர் நாவும் பெண்ணின்மீதே பாய்கின்றன. நோன்பு நோற்பவள் அவள். அரசமரத்தைச் சுற்றுபவள் அவள். பிறர் வீட்டு மங்கல நாளிலே ஆலாத்தித் தட்டைத் தொடாது ஒதுங்கி நிற்பவளும் அவளே. விசாரணையின்றி வழங்கப்படும் இத்தீர்ப்பு நியாயமானதா?

கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் கூடி வாழ்ந்தும் கரு தங்காவிடின், அதனைக் குழந்தைப்பேறின்மை என்பர் மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோருள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையை எதிர்கொள்கின்றனர். இத்தகைய தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தே, ஆணின் குறை தனிக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைகின்றது. அங்ஙனமாயின், பழி முழுவதையும் ஒருத்தியின் தலையிற் சுமத்துதல் எவ்வாறு பொருந்தும்?

பெண்ணிடத்தே உள்ள காரணங்களையும் நாம் மறைத்தல் வேண்டா. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படல் வேண்டும். கருக்குழாயிலே அது விந்தணுவுடன் கூடல் வேண்டும். பின்னர்க் கருவாகிக் கருப்பைச் சுவரிலே பதிதல் வேண்டும். இம்மூன்றனுள் எங்குத் தடை நேரினும் பிள்ளைப்பேறு தடைப்படும். முட்டை ஒழுங்காக வெளிப்படாமைக்குப் ‘பொலிசிஸ்டிக்’ சூலகக் கோளாறு பெரியதொரு காரணம். தைரொயிட்டுக் குறைபாடும், பாற்சுரப்பைத் தூண்டும் ஓமோன் மிகுதலும் பிற காரணங்கள். பாலியல் தொற்றுகளும் கசநோயும் கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளரும் ‘எண்டோமெற்றியோசிஸ்’ நோயும், கருப்பைக் கட்டிகளும் இவற்றுடன் சேரும். இவையனைத்தினும் மேலாக வயது என்பதொன்று உண்டு. பெண் தன் முட்டைகள் யாவற்றுடனுமே பிறக்கின்றாள். 35 வயதுக்குப் பின் அவற்றின் தொகையும் தரமும் விரைந்து குறைகின்றன.

இவற்றுட் பலவற்றுக்கு இன்று பரிகாரம் உண்டு. உடற்பருமனைக் குறைத்தலும், லெட்ரசோல் போன்ற மாத்திரைகளும் பலருக்கு முட்டை வெளிப்பட உதவுகின்றன. தைரொயிட்டுக் குறையை மருந்தாற் சீர்செய்யலாம். கட்டிகள் சிலவற்றைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். குழாய் அடைபட்டோருக்கு வழிகாட்டியது 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலே பிறந்த லூயிஸ் பிரவுன் என்னும் குழந்தை. தாயின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தமையால், உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்டு உலகிற்கு வந்த முதற் குழந்தை அது. அம்முறையைக் கண்ட அறிஞர் றொபேட் எட்வேட்சுக்கு 2010இல் நொபெல் பரிசு கிடைத்தது. எனினும், அச்சிகிச்சைக்குச் செலவு மிகுதி. ஒருமுறையிலேயே கைகூடும் என்னும் உறுதியும் இல்லை.

ஒற்றை விந்தணுவை முட்டையினுட் செலுத்திக் கருவாக்கும் முறை, 1992ஆம் ஆண்டிலே பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. விந்தணு குறைந்த ஆடவர் பலர் இதனால் தந்தையராயினர். ஆயினும், அதன்பொருட்டு நாள்தோறும் ஊசி ஏற்பவள் மனைவி. சூலகத்திலிருந்து முட்டை எடுக்கப்படும் வலியைப் பொறுப்பவளும் மனைவி. குறை அவனுடையது, நோவு அவளுடையது. அவளையே ‘மலடி’ எனவும் அழைப்போமாயின், அதனினும் கொடுமை வேறு யாது?

ஆதலின், தம்பதியர் இருவரும் ஒன்றாகவே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். ஆணின் விந்தினை நுணுக்குக்காட்டியில் நோக்கும் சோதனை எளியது. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. பெண்ணுக்கு நோவு தரும் சோதனைகளைத் தொடங்குமுன்னரே அது முடிந்திருத்தல் முறை. ‘என் ஆண்மைக்கு இழுக்கு’ என்று மறுக்கும் கணவன், ஆண்மை வேறு, விந்தணுவின் தொகை வேறு என்பதை உணர்தல் வேண்டும். மனைவி 35 வயதைக் கடந்தவளாயின் ஆறு மாதத்துக்குமேற் காத்திருத்தல் தகாது. எங்குச் செல்வது என அறியாதோர், வீடுதோறும் வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்.

‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதற்கு, சஷ்டி நோன்பிருந்தால் கருப்பையிற் பிள்ளை வரும் எனப் பொருள் கொள்வாரும் உளர். நோன்பு மனத்துக்கு ஆறுதல் தருமாயின் நோற்கட்டும். அதனைப் பழிப்பது எம் கருத்தன்று. கந்தசஷ்டி நோன்போ ஆறு நாள். நோன்பையே நம்பி ஆறு ஆண்டைக் கழிப்போமாயின், அவ்வாண்டுகளை எந்த வைத்தியராலும் மீட்டுத்தர இயலாது.

எல்லா முயற்சியும் பலிக்காத இல்லங்களும் உண்டு. அவர்கள் விரும்பின், மகவேற்புக்கு வழிசெய்யும் கட்டளைச் சட்டம் 1941 தொடக்கம் இந்நாட்டிலே இருக்கின்றது. விரும்பாராயின், இருவராய் இன்புற்று வாழ அவர்களுக்கு உரிமை உண்டு. மாமியார்மாரும் மைத்துனிமாரும் அவ்வீட்டுக்குச் செல்லுங்கால், ‘விசேடம் ஏதும் உண்டோ?’ என்னும் அந்த ஒரு கேள்வியைக் கேளாது விடுவாராயின், அதுவே அப்பெண்ணுக்குச் செய்யும் பேருதவியாகும்.