நெபுலாப் படங்களும் இரைச்சல் நீக்கமும்: ஒரு மறுப்பு

வானியலைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தினால் மட்டும் அதில் ஈடுபடுவோர் இன்று எடுக்கும் நெபுலாப் படங்கள், அரை நூற்றாண்டுக்கு முன்னர் பெரிய வானாய்வு நிலையங்கள் எடுத்த படங்களோடு ஒப்பிடத்தக்க தெளிவுடையனவாக விளங்குகின்றன. ஆயின் அத்தெளிவு எங்கிருந்து வந்தது என வினவும்போது இருவேறு விடைகள் கிடைக்கின்றன. பல இரவுகள் காத்திருந்து திரட்டிய ஒளியினால் வந்தது என்பது ஒன்று. கணினியில் ஒரு மென்பொருளை இயக்கியதனால் வந்தது என்பது மற்றையது. விளைவு ஒன்றாயின் வழி எதுவாயினும் ஆகுக என வாதிடுவோர் தொகை பெருகிவருகின்றது. அவ்வாதம் பிழையானது மட்டுமன்று, கேடு விளைப்பதுமாகும்.

முதலில் இரைச்சல் என்பது யாது எனக் காண்டல் வேண்டும். நெபுலாக்கள் விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியுமாம். அவற்றினின்று வரும் ஒளி மிக மங்கலானது. கமெராவின் உணரியிலுள்ள ஒரு படப்புள்ளியை அவ்வொளி வாய்க்கால் நீர்போல ஒரே சீராக வந்தடைவதில்லை. மழை தொடங்கும்போது முற்றத்தில் விழும் துளிகளைப் போல, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துணிக்கை துணிக்கையாக வந்து விழுகின்றது. சராசரியாக 100 துணிக்கைகள் விழவேண்டிய இடத்தில் ஒருமுறை 92 விழும், மறுமுறை 109 விழும். இவ்வேறுபாட்டின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமன். 100 துணிக்கைகளுக்கு அது 10; 10,000 துணிக்கைகளுக்கு 100. முன்னையதில் பத்திலொரு பங்கு தடுமாற்றம், பின்னையதில் நூறிலொரு பங்கே. ஆகவே ஒளியோடு ஒப்பிடுமிடத்து இரைச்சலைப் பாதியாக்க விரும்புபவன் நான்கு மடங்கு நேரம் ஒளியைத் திரட்ட வேண்டியவனாகின்றான். இரைச்சலெல்லாம் கருவியின் குற்றம் எனக் கருதுவோர், அதன் பெரும்பகுதி ஒளியின் இயல்பே என்பதை மறந்துவிடுகின்றனர்.

கருவியின் பங்கு இல்லையென்பதன்று. உணரி சூடாயிருக்கும்போது ஒளி படாமலே அதில் இலத்திரன்கள் எழுகின்றன. ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் வெப்பநிலை உயருந்தோறும் இத்தொகை இரட்டிக்கின்றது. ஆண்டின் பல மாதங்களில் இரவும் புழுங்கும் இலங்கையின் கரையோரங்களில் இது சிறு தொல்லையன்று. ஓரியன் நெபுலா ஏறக்குறைய உச்சிக்கு நேராகவே கடந்து செல்லும் நற்பேறு இந்நாட்டுக்கு வாய்த்திருக்க, அந்நற்பேற்றின் ஒரு பகுதியை வெப்பம் பறித்துக்கொள்கின்றது. உணரியை மின்னாற் குளிரூட்டுதல் இதற்கு முதற் பரிகாரம். தொலைநோக்கியின் வாயை மூடி, அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுத்த இருட்படங்களைக் கழித்தல் இரண்டாவது. கழித்தலால் நீங்குவது மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் தோன்றும் கறை மட்டுமே. எழுந்தமானமாக வருவது எஞ்சியே நிற்கும். ஆதலாற்றான் ஒரே பொருளைப் பல பத்துப் படங்களாக எடுத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்குமிடையே தொலைநோக்கியைச் சில படப்புள்ளிகள் நகர்த்தி, பின்னர் விண்மீன்களைப் பொருத்தி அவற்றைச் சராசரியாக்குகின்றனர். ஒரு படத்தில் மாத்திரம் தோன்றும் விமானக் கோடும் செயற்கைக்கோட் கோடும் அப்போது விலக்கப்படுகின்றன. சீராக ஒளியூட்டிய வெண்பரப்பைப் படமெடுத்து அதனால் வகுக்கும்போது, உணரியிற் படிந்த தூசியின் நிழலும் ஓரங்களின் மங்கலும் மறைகின்றன.

இவையனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. நீக்கப்படுவது எதுவோ அது முன்னர் அளந்தறியப்பட்டிருக்கின்றது. வெப்பக் கறை அளக்கப்பட்டது. தூசியின் நிழல் அளக்கப்பட்டது. ஒரு படத்தின் பொய்யை மற்றைய படங்கள் காட்டிக்கொடுத்தன. ஊகத்துக்கு இங்கு இடமில்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களின் செயலோ வேறு. பழைய வகை மென்பொருள் அயற்புள்ளிகளை ஒன்றோடொன்று குழைத்து மென்மையாக்கிற்று. அதனால் நுண்மை அழிந்தது. ஆயினும் அழிந்தது வெளிப்படையாகத் தெரிந்தது. இன்று வழங்கும் புதிய வகை, பல்லாயிரம் படத்துண்டுகளைக் காட்டிப் பயிற்றப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்பாகும். இரைச்சல் மிகுந்த ஓரிடத்தைக் கண்டதும், இத்தகைய இடங்களில் வழக்கமாக எது இருக்குமோ அதை அது வரைந்து தருகின்றது. நீதிமன்றத்திலே, நிகழ்ச்சியைக் காணாத ஒருவன், இத்தகைய வழக்குகளில் வழக்கமாக நடப்பது இதுவே எனச் சாட்சி சொன்னால் அது ஏற்கப்படுமா?

தமிழ் பயில்வோருக்கு இதைவிட அணுக்கமான உவமை உண்டு. செல்லரித்த ஏட்டிலிருந்து ஒரு நூலைப் பதிப்பிப்பவன் சிதைந்த இடத்தில் என் செய்வான்? வேறு பிரதிகளைத் தேடி ஒப்புநோக்குவான். அவற்றாலும் தெளியாதவிடத்துப் புள்ளியிட்டு விட்டுவிடுவான். உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றிலே சிதைந்த பகுதிகள் சிதைந்தனவாகவே காட்டப்பட்டன. சங்கச் செய்யுளின் நடையில் அவ்விடங்களை இட்டு நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமலிருக்கவில்லை. நிரப்பியிருந்தால் இன்று அந்நூலின் எவ்வரியையும் நம்பவியலாது போயிருக்கும். பல படங்களை அடுக்கிச் சராசரியாக்குதல் பல பிரதிகளை ஒப்புநோக்குதல் போன்றது. நரம்பு வலையமைப்பு செய்வது நடையறிந்து நிரப்புதல்.

இதனால் நேரக்கூடிய இழப்பு கற்பனையன்று. நெபுலாப் படக்கலையைத் தொடங்கிவைத்தோரே தொழில்முறை வானியலாளரல்லர். 1880 செப்ரெம்பரில் ஓரியன் நெபுலாவை முதன்முதலிற் படமெடுத்த ஹென்றி டிறேப்பர் ஒரு மருத்துவர். 51 நிமிடங்கள் தட்டுக்கு ஒளியூட்டினார். 1882இல் அதே நெபுலாவுக்கு 137 நிமிடங்கள் கொடுத்து முன்னையதிலும் மங்கலான பகுதிகளைப் பதிவுசெய்தார். 1888இல் அந்திரோமீடாவைப் படமெடுத்து அதன் சுருள் வடிவை உலகுக்குக் காட்டிய ஐசாக் றொபேட்ஸ் கட்டட ஒப்பந்தகாரராயிருந்தவர். தாம் கண்டது வாயுமுகிலிலிருந்து ஒரு ஞாயிற்றுத் தொகுதி பிறக்கும் காட்சி என றொபேட்ஸ் எண்ணினார். அது தவறு. அந்திரோமீடா பால்வழிக்கு அப்பாலுள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் 1923இல் அங்கு கண்டறிந்த மாறொளி விண்மீன் உறுதிப்படுத்திற்று. றொபேட்ஸின் விளக்கம் வீழ்ந்தது. அவரது தட்டு வீழவில்லை. அக்காலக் கொள்கைக்கு ஏற்பத் தட்டையே திருத்தித் தரும் பொறியொன்று அவர் கையில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வீழ்ந்திருக்கும்.

அண்மைக்கால உதாரணம் இன்னும் கூர்மையானது. அமெரிக்காவின் கென்ரக்கியைச் சேர்ந்த ஜே மக்நீல் 2004 ஜனவரியில் மூன்று அங்குலத் தொலைநோக்கி கொண்டு மெசியே 78 நெபுலாவின் சூழலைப் படமெடுத்தபோது, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறு ஒளிமுகிலைக் கண்டார். இளம் விண்மீனொன்று திடீரெனப் பொலிவுற்றதால் ஒளிபெற்ற அம்முகில் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் பழைய படங்களைத் தேடியபோது, எவரெட் கிரைமர் என்னும் மற்றோர் ஆர்வலர் 1966 ஒக்ரோபரில் எடுத்த படத்திலும் அது பதிவாகியிருந்தமை தெரியவந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு மங்கல், அவ்விண்மீன் முன்னரும் ஒருமுறை பொலிவுற்றது என்பதற்குச் சான்றாயிற்று. அறிந்தவற்றைக் கொண்டு பயிற்றப்பட்ட பொறிக்கு, எவரும் அறியாத ஒரு சிறு மங்கல் இரைச்சலாகவே தோன்றக்கூடும்.

இதன் மறுதலையையும் நோக்குக. மார்செல் டிறெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரொட்னர், யான் சான்ரி ஆகிய மூன்று ஆர்வலர் 2022இல் அந்திரோமீடாவின் அருகே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை நீளமான ஒட்சிசன் ஒளிவில்லொன்றைக் கண்டனர். வானில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றின் அயலிலே, 500.7 நனோமீற்றர் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியோடு பல இரவுகள் ஒளிதிரட்டியபோதே அது புலப்பட்டது. கண்டவுடன் அவர்களே அதனை ஐயுற்றனர். வேறு கருவிகளாலும் வேறு இடங்களிலும் எடுத்த படங்கள் அதனைக் காட்டிய பின்னரே 2023இல் தொழில்முறை வானியலாளரோடு சேர்ந்து அறிவித்தனர். ஊகத்தால் நிரப்பிய படமொன்று அதனைக் காட்டியிருந்தால் யார் நம்பியிருப்பர்?

எதிர்வாதங்கள் மூன்று. எல்லாப் படமும் செயற்கையே, ஐதரசன் ஒளிக்கு ஒரு நிறமும் ஒட்சிசன் ஒளிக்கு ஒரு நிறமும் கொடுப்பதும் பொய்தானே என்பது முதலாவது. நிறங்கொடுத்தல் மொழிபெயர்ப்பு, அதன் விதி தெரிந்தால் மூலத்துக்கு மீளலாம். ஊகித்து வரைந்ததிலிருந்து மீள வழியில்லை. இது கலை, அறிவியலன்று என்பது இரண்டாவது. அங்ஙனமாயின் அதனை ஓவியம் என்று பெயரிட்டு வைப்பதில் எவருக்கும் தடையில்லை. படம் என்று பெயரிட்டு, சான்றுக்குரிய மதிப்பைப் பெற்றுக்கொண்டு, வினாவியபோது கலை என்பதுதான் குற்றம்.

மூன்றாவது வாதமே வலியது. நகரத்தில் வாழ்பவன், வசதி குறைந்தவன், வாரத்தில் ஓரிரவு மாத்திரம் ஓய்வுடையவன் என் செய்வான்? சிலி நாட்டு மலையுச்சியிலே தொலைநோக்கியை வாடகைக்குப் பெறுவோர்க்கு இக்கண்டிப்பு எளிது. அவனுக்கோ மென்பொருளே சமத்துவம் என்பர். இதிலுள்ள நியாயத்தை மறுத்தல் தகாது. ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். நெபுலாவிலிருந்து 100 துணிக்கைகளும் தெருவிளக்கால் வெளுத்த வானிலிருந்து 900 துணிக்கைகளும் வருமிடத்து, மொத்தம் 1,000. இரைச்சல் ஏறத்தாழ 32. வானொளியைப் பின்னர் கழித்துவிடலாம், அதன் இரைச்சலைக் கழிக்க முடியாது. வானொளி அற்ற கிராமத்தில் ஒரு மணி நேரத்திற் பெறுவதை நகரத்தில் பெறப் பத்து மணி நேரம் வேண்டும். அவ்வொன்பது மணி நேரமும் நகரத்தவனிடமிருந்து பறிக்கப்பட்டவை. வானை நோக்கி ஒளியைக் கொட்டும் மூடியற்ற விளக்குகளும் விடியும்வரை எரியும் விளம்பரப் பலகைகளும் பறித்தவை அவை. மென்பொருள் அவற்றை அவனுக்கு மீட்டுக் கொடுப்பதில்லை. இழப்புத் தெரியாதவாறு மறைத்துவிடுகின்றது. இழந்ததை உணராதவன் விளக்குக்கு மூடி போடுங்கள் என நகரசபையிடம் கேட்கமாட்டான். இந்நிலையில் வசதி குறைந்தவனுக்கு உண்மையில் உதவுவன வடிகட்டிகளும், ஒரே பொருளைப் பலர் பல இரவுகள் படமெடுத்து ஒன்றுசேர்க்கும் கூட்டு முயற்சியுமாம். பத்துப் பேர் தத்தம் மொட்டைமாடியில் ஒவ்வொரு மணி நேரம் திரட்டினால் அந்தப் பத்து மணி நேரம் நிறைவேறுகின்றது.

மென்பொருளைத் தடைசெய்க என எவரும் கோரவில்லை. கோருவது சிறிது. நெபுலாப் படமொன்றை வெளியிடுபவர் எத்தனை படங்கள், எத்தனை மணி நேரம், எவ்வெப்பநிலை, எவ்வடிகட்டி, எங்கு ஊகம் கலந்தது என்பனவற்றைப் படத்தின் கீழே எழுதுக. திருத்தாத மூலப் படங்களை அழிக்காது வைத்திருக்க, கேட்பவர்க்குக் கொடுக்க. மூலப் படங்களுக்குச் சேமிப்பகத்தில் இடம் போதவில்லை என்போர், 1966ஆம் ஆண்டின் அந்த ஒரு படம் எத்துணைக் காலம் காத்துக் கிடந்தது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.