சாலைச் சந்தைப் பழத்துக்கு முகவரி உண்டா?

திருவனந்தபுரம்: 2011-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் பண்ணை ஒன்று, ஜூலை 29 முதல் செப்டம்பர் 10 வரை தான் அனுப்பிய முலாம்பழங்கள் அத்தனையையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பழத்தில் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா இருந்தது. 28 மாநிலங்களில் 147 பேர் நோயுற்றனர். 33 பேர் மாண்டனர். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பழம் அடுக்கும் கொட்டகையின் தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. வேறு பயிருக்குப் பயன்பட்ட பழைய இயந்திரத்தைச் சரிவரச் சுத்தம் செய்ய வழியில்லை. குளிர் அறைக்குள் வைக்கும் முன் பழத்தின் வயல் சூட்டைத் தணிக்கவும் இல்லை.

அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டுப் பழத்தைத் திரும்ப அழைக்க அவர்களால் முடிந்தது. இங்கே முடியுமா?

களியக்காவிளை வழியாக லாரியில் வரும் சரக்கு சாலைக் கம்போளத்தில் இறங்குகிறது. மண்டியில் பிரிகிறது. சில்லறைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் போகிறது. மாலையில் வண்டியில் மிஞ்சியிருக்கும் கொய்யா எந்த ஊர்த் தோட்டத்தில் காய்த்தது என்று விற்பவருக்கே தெரியாது. லிஸ்டீரியாவோ இன்னும் பொல்லாதது. குளிர்பெட்டியிலும் வளரும். பழம் தின்று சில வாரங்கள் கழித்தும் காய்ச்சலாக வெளிப்படும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். அதற்குள் பழம் வாங்கிய கடை யாருக்கு நினைவிருக்கும்?

இன்ன பழம் என்று சுட்ட முடியாதபோது பழி எல்லாப் பழத்தின் மீதும் விழுகிறது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா நோய் வந்தது. அது பாக்டீரியா அல்ல, வைரஸ். 17 பேர் இறந்தனர். பெரும்பாலோருக்கு நோயாளிகளிடமிருந்தே தொற்றியது. சந்தையில் வாங்கிய பழத்தால் வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் வௌவால் கடித்த பழம் என்ற பேச்சு பரவியதும் ஜனங்கள் பழத்தைக் கண்டு பயந்தார்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கேரளப் பழம், காய்கறிகளுக்கே தடை போட்டது. 2015-ல் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் பற்றிய தகராறிலும் இதே கதைதான். குற்றம் ஒரு தோட்டத்தின் பெயரில் எழவில்லை, "தமிழ்நாட்டுச் சரக்கு" என்ற பெயரில் எழுந்தது. இரு மாநில அரசுகளும் ஒன்றுக்கொன்று மறுத்துப் பேசின.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, கெட்ட உணவைத் திரும்பப் பெறச் சொல்கிறது. அதற்கான விதிமுறைகள் 2017-ல் வந்தன. விவசாயிக்கு இச்சட்டம் பொருந்தாது. திரும்பப் பெறும் திட்டம் வகுக்கும் பொறுப்பு சில்லறைக் கடைக்காரருக்கு இல்லை, மொத்த வியாபாரிக்கு உண்டு. ஆனால் எந்தப் பெட்டி எங்கே போயிற்று என்ற கணக்கில்லாமல் மொத்த வியாபாரிதான் எதைத் திரும்பப் பெறுவார்?

சாலையில் தள்ளுவண்டி வைத்துப் பிழைக்கும் தமிழர் பலருக்கும் தெரியாத சங்கதி அதே சட்டத்தின் 26, 27-வது பிரிவுகளில் இருக்கிறது. விற்பவருக்குச் சரக்கு கொடுப்பவர் அதன் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். சாதாரண பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். மறுபக்கம், சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத விற்பனையாளர் தாமே பொறுப்பாளி ஆகிறார். விடியற்காலை மண்டியில் துண்டுச்சீட்டு கேட்டால், "நாளைக்கு வேறு கடை பார்" என்ற பதில் வரலாம். கடனுக்குச் சரக்கு எடுப்பவர் அதற்கு மேல் வாய் திறப்பாரா? ஆகவே தனி ஆளிடம் விடாமல், வியாபாரிகள் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து பெட்டிக்கொரு சீட்டு என்று வைக்கலாம். மண்டியின் பெயர், தேதி, சரக்கு வந்த ஊர், இவ்வளவு போதும்.

அறுத்து விற்கும் பழத்துக்குச் சீட்டு மட்டும் உதவாது. முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. அறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கு அந்தத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதையும் மாநகராட்சிதான் சொல்ல வேண்டும்.