உடல்நலப் பகுதி: ஒளி துணையே, மருந்தன்று

நுரையீரலில் சளி கட்டி, மூச்சுத் திணறி மருத்துவமனையில் படுத்திருக்கும் உம்மாவையோ வாப்பாவையோ காணச் சென்றால் நாம் முதலில் செய்வது என்ன? காற்றுப் பட்டால் சளி கூடிவிடும் என்று சன்னலைச் சாத்துகிறோம். கண் கூசும் என்று திரையையும் இழுத்து விடுகிறோம். அன்பின் மிகுதியால்தான் இவ்வாறு செய்கிறோம். ஆயினும், நோயாளிக்கு உரிய ஒரு துணையை நாமே தடுத்து விடுகிறோம் என்பதை உணர்வதில்லை.

நோயாளிக்குத் தூய காற்றுக்கு அடுத்தபடியாக வேண்டுவது வெளிச்சமே என்று, 1859-இல் வெளிவந்த தமது நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வலியுறுத்தினார். ஒளியையே சிகிச்சையாக்கி உலகின் கவனத்தை ஈர்த்தவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சென். நுரையீரலை அரிக்கும் அதே காசநோய்க் கிருமி சிலருக்கு முகத்தின் தோலையும் அரித்து உருக்குலைத்து விடும். அத்தகையோருக்குக் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்துச் செலுத்திக் குணம் கண்டார் அவர். இதற்கென 1896-இல் கோபன்ஹேகன் நகரில் ஒரு நிலையமும் உருவாயிற்று. 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் அகஸ்டே ரோலியர் என்பவர் வெயில் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். எலும்பையும் மூட்டுகளையும் தாக்கிய காசநோயாளிகளே அங்கு மிகுதியாகச் சேர்ந்தனர். முதல் நாள் பாதங்களில் மட்டும் சில நிமிடங்கள் வெயில் படவைத்து, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அவரது முறை. ஆனால், நுரையீரல் காசநோய் முற்றியவர்களைக் கடும் வெயிலில் கிடத்தினால் காய்ச்சல் ஏறும், இரத்தம் கக்கவும் நேரிடும் என்று அக்கால மருத்துவர்களே எச்சரித்தனர். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டு, தொடர்ந்து பிற மருந்துகளும் வந்தபின், வெயில் சிகிச்சை பின்னுக்குச் சென்றது.

கொரோனாக் காலம் அந்தப் பழைய எண்ணத்தை மீண்டும் எழுப்பியது. 2023-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்றில், மருத்துவமனையில் இருந்த 30 கொரோனா நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி உமிழும் மேலங்கி நாள்தோறும் 15 நிமிடம் வீதம் 7 நாள்கள் அணிவிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஒளிராத அங்கி. வழக்கமான மருந்துகள் இரு பிரிவினருக்கும் உண்டு. ஒளி பெற்றவர்கள் சில நாள்கள் முன்னதாகவே வீடு திரும்பினர். உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை இவ்வொளி ஊக்குவித்து, அழற்சியைத் தணிக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நம்பிக்கையூட்டும் செய்திதான், ஆனால் முப்பது பேரைக் கொண்டு முடிவுகட்டிவிட இயலாது.

வெயிலால் உடலில் உண்டாகும் வைட்டமின் டி பற்றியும் இவ்வாறே நிதானம் தேவை. லண்டன் காசநோயாளிகளுக்கு மருந்துடன் மிகுந்த அளவில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. மொத்தத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தவிர, மூடிய சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் இச்சத்து உண்டாவதில்லை. அதற்குரிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்து விடுகிறது.

எனவே, சகோதர சகோதரிகளே! மருத்துவர் இசைந்தால் பகலில் திரையை விலக்குங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். எழுந்து அமரும் நிலை வந்ததும், காலை இளவெயிலில் சிறிது நேரம் அமரச் செய்யுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும் ஆதலால், முன்னதாகக் கேட்டறிவது நலம். இரவில் விளக்கைத் தணித்து உறங்க விடுங்கள். கிருமி கொல்லும் புறஊதா விளக்கை வாங்கி நோயாளியின் மேல் காட்டுவதோ பெருந்தீங்கு. கண்ணும் தோலும் புண்படும்.

எல்லாவற்றினும் மேலாக, வெயில் இருக்கிறதே என்று ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். காசநோய் மருந்தை இடையில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகித் திரும்பி வரக்கூடும். மருந்து நோயோடு போராடட்டும். வெளிச்சம் அதற்குத் துணை நிற்கட்டும்.